தம்பியின் மகளுக்குச் சீன எழுத்தில் பெயர் வேண்டும்: ஒலியைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா?

கொக்குவில்_மாமி:

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு கிழமையாக இதே கதைதான். என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான், கட்டியது ஒரு சீனப் பிள்ளையை. மச்சாளின் தாய் தகப்பன் குவாங்சோவிலிருந்து போனவர்கள், குடும்பப் பெயர் லாம், தகப்பன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கலியாணப் பேச்சு வந்தபோது எங்கள் அம்மா இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இப்போது மச்சாள் போன் எடுக்க ஒரு நாள் பிந்தினால் அதே அம்மாவுக்கு நித்திரை வராது. அது வேறு கதை.

போன கிழமை அவர்களுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. 31ஆம் நாள் துடக்குக்கழிவு, அன்றைக்கே பெயரும் வைக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களிடமும் ஏறக்குறைய அதே கணக்குத்தான், பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைகிற நாளில் சிவப்புச் சாயம் போட்ட முட்டையும் இஞ்சியும் சொந்தக்காரருக்குக் கொடுத்துக் கொண்டாடுவார்களாம். ஆகவே இரண்டு வீட்டு விசேஷத்தையும் ஒன்றாகச் செய்யப் போகிறார்கள். மச்சாள் கேட்டது இவ்வளவுதான்: தமிழ்ப் பெயரை நீங்கள் பாருங்கள், அதையே சீன எழுத்திலும் எழுதக்கூடியதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம், சீனப் பெயருக்கு முன்னால் லாம் இருக்கட்டும். தம்பி வழக்கம்போல முழுப் பாரத்தையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டான்.

நட்சத்திரம் மகம். சாத்திரியார் ம, மி, மு, மெ என்று துண்டில் எழுதித் தந்திருக்கிறார். அம்மாவுக்கு எங்கள் அப்பப்பாவின் பெயர் எப்படியாவது பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று ஆசை. அப்பப்பாவின் பெயர் மயில்வாகனம். பெண் பிள்ளைக்கு அதை எப்படியம்மா வைப்பது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறார்.

நான் மதுரா என்று யோசித்தேன். போனில் மொழிபெயர்க்கிற செயலியில் போட்டேன், மூன்று எழுத்து வந்தது, மா, தூ, லா என்று வாசித்தும் காட்டியது. மச்சாளுக்கு அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. ஏதோ பிழை என்று மட்டும் விளங்கியது, கேட்க வெட்கமாக இருந்தது.

சீனம் படித்தவர்கள், அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒலி ஒத்துப்போனால் போதுமா, பொருளும் பார்க்க வேண்டுமா? ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை கீறு என்று எண்ணி அதிர்ஷ்டம் சொல்கிற தளமும் ஒன்று கண்ணில் பட்டது, அதையும் பார்க்க வேண்டுமா? இன்னொன்று, சீன எழுத்தை இங்கே ஒட்டினால் எனக்குப் பெட்டி பெட்டியாகத்தான் தெரிகிறது. தயவுசெய்து வாயால் சொல்வதுபோல விளக்குங்கள். இன்னும் 23 நாள் இருக்கிறது.


குருநகர்_காற்று:

அக்கா, எனக்குச் சீனம் தெரியாது, ஆனால் கடலட்டை தெரியும். நாங்கள் அவித்துக் காயவைத்து அனுப்புகிற பெட்டியில் இரண்டு எழுத்து ஒட்டுவோம், ஹாய் ஷென் என்று வாசிக்க வேண்டும். பல காலம் அது அட்டைக்குச் சீனப் பெயர் என்றே நினைத்திருந்தேன். வாங்க வந்த ஆள் ஒரு நாள் விளக்கினார், ஹாய் என்றால் கடல், ஷென் என்றால் ஜின்செங், அந்த மருந்து வேர். நாங்கள் அட்டை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்கிற சாமானுக்கு அவர்கள் கடல் ஜின்செங் என்று பெயர் வைத்து எங்களால் வாங்கிச் சாப்பிட முடியாத விலைக்கு விற்கிறார்கள். அட்டைக்கே இவ்வளவு பொருள் பார்க்கிறவர்கள் பிள்ளைக்குப் பார்க்காமல் விடுவார்களா? மச்சாளிடமே நேரே கேளுங்கள், அதுதான் என் புத்தி.


ஊசிபோடும்_பெடியன்:

மாமி, மச்சாள் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். நான் சீனாவில் 6 வருடம் மருத்துவம் படித்தவன், ஆஸ்பத்திரி வார்டில் முதல் கிழமையே காதில் விழுந்த சொல் "லா தூட்சு". வயிற்றோட்டம். லா என்றால் இழுப்பது, தூ என்றால் வயிறு. உங்கள் செயலி தந்த மூன்றில் முதல் எழுத்து குதிரை. இரண்டாவது எழுதும்போது ஒரு மரத்தின் பெயர், குடும்பப் பெயராகவும் வரும், அதில் குற்றம் இல்லை, ஆனால் உச்சரிப்பு அந்த வயிற்றோடு அச்சொட்டாக ஒன்று. மூன்றாவது அதே இழுக்கிற லா. கண்ணால் பார்த்தால் வெளிநாட்டுப் பெயர் என்று உடனே தெரியும், ஒருவரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். காதால் மட்டும் கேட்டால் குதிரை, வயிறு, பேதி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காதால்தான் கேட்பார்கள்.

வெளியூர்ப் பெயர்களை ஒலிக்காக மட்டும் எழுதுவதற்கென்று வழமையாக எடுக்கிற எழுத்துகள் ஒரு கூட்டம் இருக்கின்றன, செயலி அதிலிருந்துதான் எடுத்துத் தந்திருக்கிறது. மலேசியா என்ற பெயரும் இதே குதிரையில்தான் தொடங்கும். இலங்கை ஸ-லீ-லான்-கா, அதில் லான் ஓர்கிட் பூ, கா என்பது வங்கி அட்டையில் வருகிற அட்டை. யாழ்ப்பாணத்தை ஜியா-ஃபூ-நா என்று எழுதுவார்கள், முதல் எழுத்து ஒரு நல்ல குடும்பப் பெயர்தான், ஆனால் "போலி" என்ற சொல்லுக்கும் அதே உச்சரிப்பு, அதே தொனி, அடுத்த எழுத்து புருஷன். போலிப் புருஷன் ஊரிலிருந்தா வந்தாய் என்று என் அறைத்தோழன் 6 வருடமும் பகிடி பண்ணினான். ஊருக்கு அது பரவாயில்லை. பிள்ளைக்கு அப்படி எழுதினால் அவளை ஆயுள் முழுக்க ஒரு வெளிநாட்டுக்காரியாகத்தான் அந்த எழுத்து காட்டும். தாய் சீனர், பிள்ளைக்கு ஏன் விருந்தாளிப் பெயர்?

அவர்கள் பெயர் வைக்கிற முறை சுருக்கமாக இதுதான். குடும்பப் பெயர் முன்னுக்கு, அநேகமாக ஒரே எழுத்து. அதற்குப் பிறகு பிள்ளையின் பெயர், ஒரு எழுத்து அல்லது இரண்டு எழுத்து. ஆகவே உங்களுக்கு இருக்கிற இடம் இரண்டு எழுத்துத்தான், மதுராவை நீட்டி மூன்றாக்கினால் பார்த்த உடனேயே அந்நியமாகத் தெரியும். லாம் என்பது குவாங்சோ, ஹொங்கொங் பக்கம் பேசுகிற கான்டனீஸ் மொழியின் உச்சரிப்பு, பொது மொழியான மாண்டரினில் லின். மரம் என்ற எழுத்தை இரண்டு தரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது, பொருள் காடு, தோப்பு. பெட்டி பெட்டியாகத் தெரிகிறது என்று கவலைப்படாதீர்கள், சீனர்களே போனில் பெயர் சொல்லும்போது எழுத்தைப் பிரித்து வாயால்தான் சொல்வார்கள்: "மரமும் பிள்ளையும் சேர்ந்த லீ", "வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்", உங்கள் மச்சாள் வீடு "இரட்டை மர லின்".

அடுத்தது தொனி. மாண்டரினில் நாலு. ஒரே "மா" மட்டமாக நின்றால் அம்மா, மேலே ஏறினால் சணல், தாழ்ந்து வளைந்தால் குதிரை, வெட்டி விழுந்தால் ஏசுவது. இதைவிட ஆபத்து குடும்பப் பெயரோடு சேர்த்து வாசிக்கும்போது வருவது. என் கதையைச் சொல்கிறேன். என் பெயர் "உத" என்று தொடங்கும். வகுப்புக்குச் சீனப் பெயர் வேண்டும் என்றார்கள், நானும் பெரிய புத்திசாலிபோல அகராதியை வைத்து வூ என்ற குடும்பப் பெயரையும் தே என்ற எழுத்தையும் எடுத்தேன். தே என்றால் அறம், ஒழுக்கம். கொன்பூசியஸ் பேசுகிற அதே தே. இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் பாடம் எடுத்த அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, வூ என்ற உச்சரிப்புக்கு "இல்லை" என்றும் பொருள் வரும், உன்னைக் கூப்பிடும் ஒவ்வொரு தரமும் ஒழுக்கம் கெட்டவனே என்று கூப்பிடுவதுபோல எனக்கு இருக்கிறது என்றார். எழுத்து எழுத்தாக நல்ல பொருள் பார்த்தவன் நான், சேர்த்துச் சத்தமாக ஒரு தரம் வாசித்துப் பார்க்கவில்லை.

அம்மாவின் ஆசை பற்றியும் சொல்ல வேண்டும், இது முக்கியம். எங்களுக்குப் பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். அவர்களுக்கு இது நேர் எதிர். பெரியவர்களின் பெயரில் இருக்கிற எழுத்தைப் பிள்ளைக்கு வைப்பது மரியாதைக் குறைவு, பிள்ளையைக் கண்டிக்கும்போது பாட்டனின் பெயரைச் சொல்லி ஏசுவதுபோல ஆகிவிடும் அல்லவா. பேரரசர்களின் பெயரில் உள்ள எழுத்தை நாட்டிலேயே ஒருவரும் எழுதாமல் விலக்கிவைத்த காலமும் இருந்தது. ஆகவே மச்சாளின் தாய்வழி தகப்பன்வழி பெரியவர்களின் பெயரில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். தலைமுறை எழுத்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில குடும்பங்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஓர் எழுத்து பொதுவாக வரும்: மாவோ சேதுங்கின் தம்பிமார் பெயரிலும் அதே "சே" இருக்கும், சுன் யாட்-சென்னின் மனைவி சிங்லிங்குக்கும் அவர் அக்கா தங்கைக்கும் "லிங்" பொது. பல வீடுகளில் பெண் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, இப்போது நகரங்களில் அநேகர் விட்டேவிட்டார்கள், ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை.

கீறு எண்ணுவது, பிறந்த நேரம் பார்த்து ஐம்பூதத்தில் எது குறைவு என்று கணித்து, நீர் குறைந்தால் மூன்று துளி நீர் போட்ட எழுத்தைச் சேர்ப்பது, எல்லாம் அங்கேயும் உண்டு. அவர்களின் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு சாத்திரியார் வேண்டாம் மாமி. கொக்குவில் சாத்திரியார் ஒருவரே போதும்.


ஓய்வூதியக்காரர்:

பிள்ளை, நீர் கேட்டதற்கு ஒரு கல் மறுமொழி சொல்லும். கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததை எடுத்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு என்று தேதி போட்டிருக்கிறது. ஒரு பக்கம் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். பலரும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது என்றுதான் நினைப்பார்கள். இல்லை. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெவுந்தரையில் இருந்த தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்று, பெறுகிற தெய்வம் வேறு. 600 வருடத்துக்கு முன்னமே அந்தக் கல்லை எழுதினவனுக்கு, வாசிக்கிறவன் யார் என்று பார்த்து எழுத வேண்டும் என்று விளங்கியிருக்கிறது. தமிழ்ப் பெயரைத் தமிழருக்கு வையும், சீனப் பெயரைச் சீனருக்கு வையும், இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடினால் காணும்.


பினாங்குப்_பேத்தி:

அக்கா, நான் மலேசியா. எங்கள் பூட்டனார் பிரிட்டிஷ்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு மானிப்பாயிலிருந்து வந்தவர், அதனால் நானும் உங்கள் ஊர்தான் என்று சொல்லிக்கொள்வேன். இங்கே நான் படித்தது சீனப் பள்ளியில். எனக்கு ஒரு யோசனை, கேட்டுப் பாருங்கள்.

மல்லிகைக்குச் சீனத்தில் "மோ லீ". தற்செயலாக ஒத்துப்போனது இல்லை, சமஸ்கிருத மல்லிகாதான் பல நூற்றாண்டுக்கு முன் அங்கே போய் மோலீ ஆனது. அதாவது இந்தச் சொல் ஏற்கெனவே பயணம் செய்து முடித்துவிட்டது, நீங்கள் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு எழுத்திலும் தலையில் புல் முடி போட்டிருக்கும், செடி கொடி என்று பார்த்தவுடன் தெரியும். மகத்துக்கு "ம"வும் சரி. தமிழில் மல்லிகா, சீனத்தில் லின் மோலீ. மல்லிகா கொஞ்சம் பழைய பெயர் என்று உங்கள் தம்பி சொல்லலாம், சீனப் பெயர்களுக்கும் அந்த நோய் இருக்கிறது. 1949ஐ ஒட்டிப் பிறந்த ஆண்களில் எத்தனையோ பேர் ஜியான்குவோ, நாட்டைக் கட்டு என்று பொருள். கலாசாரப் புரட்சிக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஹோங், சிவப்பு. பெயரைக் கேட்டே வயதைச் சொல்லிவிடலாம், உங்கள் ஊரில் பொன்னம்மா, தங்கம்மா என்றால் எப்படித் தெரியுமோ அப்படி. மோலீக்கு அப்படிக் காலம் ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.


கொக்குவில்_மாமி:

பேத்தி, உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மல்லிகை என்றவுடன் முகம் மலர்ந்துவிட்டது. அப்பப்பாவின் பெயர் வரவில்லையே என்று ஒரு முனகல் மட்டும். பெடியன் தம்பி, அந்த வயிற்றோட்டத்தை நினைத்து நினைத்து இரவு முழுக்கச் சிரித்தேன், என்னை ஏன் மச்சாளே நிறுத்தவில்லை என்று பிறகு கோபமும் வந்தது. பாவம், முதல் முதல் பிள்ளைக்குப் பெயர் பார்க்கிற மாமியிடம் எப்படிச் சொல்வாள். இன்றைக்கு இரவு மோலீயை அனுப்பப் போகிறேன்.


கவுலூன்_தம்பி:

அக்கா, அனுப்ப முன் ஒரு நிமிடம்!! நான் 11 வருடமாக ஹொங்கொங்கில் இருக்கிறேன். மச்சாள் குடும்பம் கான்டனீஸ் என்றால், அதுவும் தகப்பன் கடைக்காரர் என்றால், மல்லிகையில் ஒரு முள் இருக்கிறது. எழுத்து எல்லா ஊருக்கும் ஒன்று, வாய் ஊருக்கு ஊர் வேறு. மாண்டரின் மோலீயைக் கான்டனீஸில் "முட் லெய்" என்று வாசிப்பார்கள். "லாபம் இல்லை" என்பதற்கும் அதே "முட் லெய்". இங்கே வியாபாரிகளுக்கு மல்லிகைச் செடி பரிசாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கமே இருக்கிறது. புதுக்கடை திறந்த முதலாளிக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் வாங்கி வெளியில் படிக்கட்டில் வைத்தார், ஏன் என்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பேத்தியின் பெயர் லாபமில்லை என்று இருந்தால் அந்தத் தாத்தா வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மனதுக்குள் கிடக்கும்.

பேத்தி அக்கா சொன்னதில் பிழை இல்லை, மாண்டரின் வீட்டுக்கு அது திறமான பெயர்.


கொக்குவில்_மாமி:

ஐயோ. நல்ல காலம், அனுப்பவில்லை. கான்டனீஸும் பார்க்க வேண்டும், மாண்டரினும் பார்க்க வேண்டும், மகமும் பார்க்க வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?


ஊசிபோடும்_பெடியன்:

மாமி, நைட் டியூட்டியில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். உங்கள் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். மறுமொழி அதற்குள்ளேயே கிடக்கிறது. அப்பப்பா மயில்வாகனம். பிள்ளைக்கு மயூரி என்று வையுங்கள். மயில்தான். அப்பப்பாவின் மயிலும் வந்தது, மகத்தின் "ம"வும் வந்தது, நல்லூரானும் வந்தார். அம்மா இதற்கு முகம் திருப்பமாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது சீனம். அகராதியில் மயில் என்று தேடி வருவதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். மயிலுக்கு அவர்கள் சொல் "கோங் சுவே", கோங் கொன்பூசியஸின் குடும்பப் பெயர், துவாரம் என்றும் பொருள், சுவே குருவி. மயிலுக்கு அது சரி, பெண்ணுக்குப் பெயராகாது. மயிலில் எங்களுக்கு நினைவில் நிற்பது என்ன? தோகை, இறகு. இறகுக்கு எழுத்து "யூ". இரண்டு சிறகு பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோலவே இருக்கும், ஒரு தரம் பார்த்தால் உங்கள் அம்மாவே கண்டுபிடிப்பார். நல்ல வம்சமான எழுத்து. சீனக் கடைகளில் சிவந்த முகமும் நீளத் தாடியுமாக ஒரு வீரர் சிலை இருக்குமே, குவான் யூ, அவர் பெயரில் இதுதான். தேயிலையைப் பற்றி முதல் நூல் எழுதிய லூ யூ, அவருக்கும் இதுதான். அதற்கு முன்னால் "மெய்", அழகு, மேலே செம்மறி, கீழே பெரிது. மெய் யூ, அழகிய இறகு. லாம் சேர்த்தால் காட்டுக்குள்ளே ஓர் அழகிய இறகு. கான்டனீஸிலும் ஏறத்தாழ அதே மெய் யூதான், கவுலூன் தம்பி சரிபார்க்கவும்.

ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். மாண்டரினில் தாழ்ந்த தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது தானாக ஏறுதொனி ஆகிவிடும். அப்படி வாசித்தால் "மழை இல்லை" என்றும் கேட்கும். யாங்சி ஆற்றுப் பக்கம் ஜூன், ஜூலையில் பிளம் பழுக்கிற காலத்தில் விடாமல் பெய்கிற மழைக்கும் அதே உச்சரிப்பு. ஒரே பெயர், ஒருவருக்கு மழையே இல்லை, இன்னொருவருக்கு ஓயாத மழை! எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை, ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நானில்லை, மச்சாளின் தாய். அவரை வாய்விட்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மெதுவாக ஒரு தரம், கோபமாக ஒரு தரம், தெருவிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதுபோல ஒரு தரம்.


கவுலூன்_தம்பி:

சரிபார்த்தேன். லாம் மெய் யூ, கேட்க வடிவாக இருக்கிறது. கான்டனீஸில் மழை இல்லை என்பதை வேறு மாதிரிச் சொல்வார்கள், அந்தப் பிரச்சினை இங்கே வராது. எளிய எழுத்து, பழைய எழுத்து என்ற சண்டையும் இல்லை. 1950களில் சீனாவில் எழுத்துகளை எளிமையாக்கினபோது ஹொங்கொங்கும் தைவானும் பழையதோடு நின்றுவிட்டன, அன்பு என்ற எழுத்தின் நடுவில் இருந்த இதயத்தைக்கூட எடுத்துவிட்டார்கள் என்று இங்கே இன்னும் புலம்புவார்கள். உங்கள் மூன்று எழுத்தும் தப்பிவிட்டன. இறகில் உள்ளுக்குள் இருக்கிற சின்னக் கீறுகளின் சாய்வு மட்டும் அச்சில் கொஞ்சம் மாறும்.


கொக்குவில்_மாமி:

பிந்திவிட்டது, மன்னியுங்கள், ஆள்மாறி ஆள் போன் பேசியே நாள் போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

மயூரி என்று சொன்ன நிமிடமே அம்மா எழுந்துபோய் அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கைத் தூண்டிவிட்டார். அத்தோடு தமிழ்ப் பக்கம் முடிந்தது. மெய் யூவை மச்சாளுக்கு அனுப்பினேன். இந்த முறை சிரிக்கிற முகம் இல்லை, உடனே வீடியோ அழைப்பு, பக்கத்தில் அவர் தாயும் தகப்பனும். மச்சாளின் தாய்க்கு ஆங்கிலம் குறைவு, மச்சாள்தான் நடுவில் நின்று சொன்னார். இறகு அவர்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது, தாத்தா கையைத் தட்டினார், கடையில் அந்தச் சிவந்த முகக்காரருக்கு அவர்தான் ஒவ்வொரு நாளும் ஊதுபத்தி கொளுத்துவாராம். ஆனால் மெய் சரிவராது. அந்த அம்மாவின் மூத்த அக்கா பெயரில் அதே மெய் இருக்கிறது, அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். பெடியன் தம்பி முதலில் கேட்கச் சொன்ன கேள்வியை நான் கேட்காமல் விட்டதன் பலன்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு கடுதாசியை எடுத்து எழுதி எழுதி வெட்டினார், பிறகு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் சிறிது. மாண்டரினில் "மியாவ்", கான்டனீஸில் "மியூ". அற்புதம், நுட்பம் என்று பொருளாம். மாண்டரின் உச்சரிப்பைக் கேட்டு எங்கள் வீட்டுச் சின்னன்கள் பூனை பூனை என்று கத்தினார்கள், நான் அதட்டி அனுப்பினேன். மியூ யூ என்று சேர்த்துச் சொன்னால் "சாதுரியமான பேச்சு" என்ற சொல்லைப் போலவே கேட்குமாம், இரண்டு மொழியிலும். மழை இல்லாப் பிரச்சினையும் போய்விட்டது. அவர் கூப்பிட்டுப் பார்த்தார், லாம் மியூ யூ, லாம் மியூ யூ என்று, மூன்றாம் தரம் குடும்பப் பெயரை விட்டுவிட்டு மியூ யூ என்று கொஞ்சலாகக் கூப்பிட்டபோது எங்கள் அம்மா இந்தப் பக்கத்தில் இருந்து, பாரடி, அவ மயூ என்றுதானே கூப்பிடுகிறா என்றார். நானும் கேட்டேன், உண்மையாகவே மயூரிக்குச் செல்லப் பெயர்போலத்தான் இருந்தது.

கீறு 8, 7, 6, மொத்தம் 21. அம்மா இரகசியமாகச் சாத்திரியாருக்குப் போன் எடுத்துக் கூட்டல் கேட்டிருக்கிறார், என்ன சொன்னாரென்று எனக்குச் சொல்லவில்லை, ஆள் சந்தோஷமாகத்தான் திரிகிறார்.

எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். அந்த அம்மா எழுதிய கடுதாசியைப் படம் எடுத்து அனுப்பினார்கள், அம்மா அதைப் பார்த்து நாட்காட்டிப் பின்பக்கத்தில் எழுதிப் பழகுகிறார், 31க்கு இங்கே தாம்பாளத்தில் அரிசி பரப்பி அதில் தானே எழுத வேண்டுமாம். காடும் மியூவும் வந்துவிட்டது. இறகுக்குள் இருக்கிற அந்தச் சின்னக் கீறுகளை மேலிருந்து இழுப்பதா, கீழிருந்து இழுப்பதா?


ஊசிபோடும்_பெடியன்:

இடது சிறகை முழுதாக முடித்துவிட்டு வலதுக்குப் போகச் சொல்லுங்கள். முதலில் மேலே குறுக்கே போய் மடிந்து கீழே கொக்கி போடுகிற பெரிய கீறு. பிறகு உள்ளே மேல் கீறு, அது கீழ்நோக்கி ஒரு புள்ளிபோல. அதற்குக் கீழே இருப்பது மட்டும் இடப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி இழுக்க வேண்டும். அரிசியில் என்றால் அந்தக் கடைசிக் கீறுக்கு விரலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் அரிசி மேல் புள்ளியை மூடிவிடும்.